கேள்வி – பதில்: பெல்ட் நிறம் மாறுகிறது, பிள்ளை மாறுகிறதா?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. பக்கத்தில் இருப்பவள் பென்சிலைப் பிடுங்கினால்கூட வாய் திறக்க மாட்டாள். கராத்தேவில் சேர்த்தால் தைரியம் வருமா, அங்கேயும் மூலையில் நின்றுவிடுவாளா?

பதில்: முதல் சில வாரம் மூலையில்தான் நிற்பாள், நிற்கட்டும். தைரியம் என்றதும் நமக்குக் குத்தும் உதையும்தான் ஞாபகம் வருகிறது, ஆனால் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு அங்கே முதலில் கிடைப்பது குரல். குத்தும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போடச் சொல்வார்கள், 'கியாய்' என்று பெயர். வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகக் கத்துவதால் இவள் கத்தியது யார் காதிலும் தனியாக விழாது, அந்தத் துணிச்சலில் மெதுவாகச் சத்தம் வெளியே வரும். அப்புறம் ஒருநாள் மாஸ்டர் அவளை முன்னால் நிறுத்தி 'இச்சி, நி, சான்' என்று ஜப்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணச் சொல்வார், அவள் எண்ணினால்தான் மற்றவர்கள் குத்துவார்கள். அந்த ஒரு நிமிடம் போதும். "என் பென்சிலைக் கொடு" என்று சொல்ல அந்தக் குரல்தான் வேண்டும், உதை வேண்டியதில்லை.

கேள்வி: 9 வயதுப் பையன், பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டான். தற்காப்புக் கலை கற்றால் கவனம் கூடும் என்கிறார்களே, உண்மையா, விளம்பரமா?

பதில்: பாதிப் பாதி. 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான உடற்பயிற்சி வகுப்பும், இன்னொரு பகுதியினருக்குக் கொரியத் தற்காப்புக் கலையான தேக்வாண்டோவை அடிப்படையாகக் கொண்ட பயிற்சியும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். தேக்வாண்டோ பிள்ளைகளிடம் தன்னடக்கமும் வகுப்பில் நடந்துகொள்ளும் விதமும் கூடுதலாக முன்னேறின, மனக்கணக்கில்கூட வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அங்கே வெறுமனே உதைக்க மட்டும் சொல்லித் தரவில்லை. நான் எங்கே இருக்கிறேன், என்ன செய்துகொண்டிருக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் தங்களையே கேட்டுக்கொள்ளப் பழக்கினார்கள். இதைக் காசு செலவில்லாமல் வீட்டுப்பாட நேரத்திலும் செய்யலாம்.

கட்டா, அதாவது குத்து, உதை, தடுப்பு அசைவுகளைக் குறிப்பிட்ட வரிசையில் தனியாகச் செய்துகாட்டும் பயிற்சி, பழகுவதும் உதவும். எந்தக் கால் முன்னே, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வரிசை மாறாமல் நினைவில் வைக்க வேண்டும், மனம் கொஞ்சம் அலைந்தால் எல்லோரும் இடது பக்கம் திரும்பும்போது இவன் மட்டும் வலது பக்கம் பார்த்து நிற்பான். யாரும் திட்ட வேண்டியதில்லை, அவனுக்கே தெரிந்துவிடும். அதே சமயம், நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஓர் உதை என்று நடக்கும் வகுப்பில் உங்கள் பையன் முன்னால் நிற்பவனின் பெல்ட்டைத்தான் இழுத்துக்கொண்டிருப்பான். இன்னொன்று, பள்ளியிலும் வீட்டிலும் எல்லா இடத்திலும் இதே நிலைதான் என்றால் குழந்தை மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள், கராத்தே அதற்கு மாற்று இல்லை.

கேள்வி: பெல்ட் டெஸ்டில் மகன் தேறவில்லை. கூட வந்தவர்கள் எல்லோரும் தேறிவிட்டார்கள். இனி போகவே மாட்டேன் என்று அழுகிறான். கட்டாயப்படுத்தலாமா?

பதில்: அன்றைக்கு வேண்டாம், அழட்டும். "பரவாயில்லை, பெல்ட்டில் என்ன இருக்கிறது" என்றும் சொல்லாதீர்கள், அவனுக்கு அதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து மாஸ்டரிடம் அவனையே கேட்கவிடுங்கள், எந்த இடத்தில் போனது என்று. "நிலை சரியில்லை, பின்கால் மடங்குகிறது" என்று குறிப்பாகச் சொல்லும் மாஸ்டர் என்றால் பையன் திரும்பப் போய்விடுவான். "இன்னும் பயிற்சி வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லி, அடுத்த டெஸ்டுக்குக் கட்டணத்தை மட்டும் நினைவூட்டுகிறவர் என்றால் பையன் மேல் தப்பில்லை. என்னைக் கேட்டால், பணம் கட்டிய எல்லோரும் தேறும் வகுப்பைவிட எப்போதாவது ஒருவன் தேறாமல் நிற்கும் வகுப்பே மேல்.

ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882-இல் தொடங்கிய ஜூடோவில் ஆரம்பப் பாடமே விழுவதுதான். குந்திய நிலையிலிருந்து பின்னால் சாய வேண்டும், தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், முதுகு தரையைத் தொடும்போது கை பாயைத் தட்ட வேண்டும். தலை அடிபடாது. எதிராளியைத் தூக்கிப் போடுவதற்கு முன்பே இதைப் பழக்கிவிடுவதால், விழுவது அங்கே அவமானமாக இருப்பதில்லை. அதே ஜப்பானில்தான், பெற்றோரும் பயிற்சியாளர்களும் வெற்றி வெற்றி என்று துரத்துவது எல்லை மீறிப்போய், சின்னப் பிள்ளைகள் எடையைக் குறைக்கும் நிலை வந்ததால், தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தேசிய அளவிலான தனிநபர் ஜூடோ போட்டியை 2022-இல் ஜூடோ கூட்டமைப்பே நிறுத்தியது. கோப்பை அலமாரியைக் காட்டி ஆள் சேர்க்கும் இடங்களைப் பார்த்தால் எனக்கு இந்தச் செய்திதான் ஞாபகம் வரும்.

கேள்வி: கற்றுக்கொண்டதைத் தம்பி மேல் காட்டுகிறான். நிறுத்திவிடலாமா?

பதில்: உடனே வேண்டாம், முதலில் மாஸ்டரிடம் சொல்லுங்கள். நல்ல மாஸ்டர் அடுத்த வகுப்பிலேயே அவனைக் கூப்பிட்டுப் பேசுவார், உங்கள் பத்து அதட்டலைவிட அது வேலை செய்யும். சிரித்துவிட்டு "பையன் சூடாக இருக்கிறான்" என்றால் யோசியுங்கள். மரியாதையும் தியானமும் சேர்ந்த பயிற்சியில் முரட்டுத்தனம் குறைந்ததாகவும், சண்டை நுட்பம் மட்டும் கற்றவர்களிடம் அது கூடியதாகவும் 1986-இலேயே ஓர் ஆய்வு சொன்னது, அதுவும் ஏற்கனவே அடிதடியில் சிக்கிய விடலைப் பையன்களை வைத்து.

கேள்வி: கராத்தேயா, ஜூடோவா, சிலம்பமா? எது நல்லது?

பதில்: எந்தக் கலை என்பதைவிட யார் சொல்லித் தருகிறார் என்று பாருங்கள். சேர்க்கும் முன் ஒரு வகுப்பு முழுதும் உட்கார்ந்து, கெட்டிக்காரப் பிள்ளையை விட்டுவிட்டு, தடுமாறும் பிள்ளையிடம் மாஸ்டர் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனியுங்கள். தலையில் அடிக்கும் பயிற்சிச் சண்டை சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம், தலைக்கவசம் போட்டாலும் மூளை அதிர்ச்சியை அது தடுத்துவிடாது. பெற்றோர் உள்ளே வந்து பார்க்கவே கூடாது என்று சொல்லும் இடமாக இருந்தால், எவ்வளவு பெரிய பெயர் என்றாலும் வேறு வகுப்பு தேடுங்கள்.