கணினிக் கேள்வி–பதில்: தொடர்களை ஒட்டலாமா?

கேள்வி: 40 மோட்டார்களின் வெப்பநிலைப் பதிவுகளை ஒரே தொடராக ஒட்டி எல்எஸ்டிஎம்முக்கு (தொடர் தரவிலிருந்து கற்கும் நியூரல் நெட்வொர்க்) பயிற்சி கொடுத்தேன். ஒவ்வொரு மோட்டாரின் தொடக்கத்திலும் கணிப்பு தாறுமாறாகிறதே?

பதில்: ஒட்டியதுதான் வினை. ஒரு மோட்டார் 80 டிகிரியில் முடிந்து அடுத்தது 30-இல் தொடங்கினால், அந்தச் செயற்கைச் சரிவையும் நெட்வொர்க் பாடமாக எடுத்துக்கொள்ளும். மோட்டாருக்கு ஒரு தொடர் எனப் பிரித்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் நெட்வொர்க்கின் நினைவுகளான ஹிட்டன் ஸ்டேட், செல் ஸ்டேட் இரண்டையும் பூஜ்யமாக்குங்கள்.

ஒரு பேட்சில் (ஒன்றாகப் பயிற்சிக்கு அனுப்பும் தொடர்களின் தொகுப்பில்) தொடர்களின் நீளங்கள் 300, 450, 500 என்றிருந்தால், 500 வரை பூஜ்யம் நிரப்பலாம். ஆனால் நிரப்பிய இடங்களை மாஸ்க் போட்டு (மறைத்து) லாஸிலிருந்து, அதாவது கணிப்புப் பிழையின் கணக்கிலிருந்து, நீக்கியே ஆகவேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: லாஸ் அழகாகக் குறையும், மாடலோ பூஜ்யத்தைக் கணிக்கப் பழகியிருக்கும்! லாஸின் சராசரிக்கு, நிரப்பிய இடங்களையும் சேர்த்த 1,500-ஆல் வகுக்காமல், உண்மையான 1,250-ஆல் வகுங்கள்.

மோட்டார்களின் வரிசையைக் கலைக்கலாம். ஒரு மோட்டாருக்குள் நேர வரிசையைத் தொடாதீர்கள். சோதனைக்கு முழு மோட்டார்களாகவே ஒதுக்குங்கள்.