சோபாவா, பாயா?

கேள்வி: புது வீட்டுக் கூடத்தில் சோபா வேண்டாம், கோரைப்பாய் போதும் என்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சரிப்படுமா? (வாசகி, தென்காசி)

பதில்: தாராளமாக! எங்கள் வீட்டில் ஆறு வருடமாகப் பத்தமடைப் பாய்தான். மாமனார் மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு முறைத்தார். அவருக்கு ஒரு மர நாற்காலி போட்டேன், தீர்ந்தது. கோரையை அறுத்து, வகிர்ந்து, காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, அப்புறம்தான் நெசவு. அதிலும் பட்டுப்பாய் என்றால் இழை அவ்வளவு மெல்லிசு, வாரக்கணக்கில் ஆகும். பேரம் பேசாதீர்கள். அதே டிசைனில் பிளாஸ்டிக் பாயும் வருகிறது; ஓரத்தை முகர்ந்து பாருங்கள், கோரைக்குக் காய்ந்த புல் வாசம் இருக்கும். கோரைப்பாய்க்கு ஈரம் ஆகாது. மடிக்காமல் சுருட்டி வையுங்கள். என் முதல் பாய் மடித்த இடத்தில்தான் முறிந்தது.