வாசகர் கேள்வி பதில்: அக்கரைப் புகையும் நம் வீட்டுச் சன்னலும்

ஆண்டின் நடுப்பகுதி வந்துவிட்டால் நமக்கு வரும் கடிதங்களில் புகைமூட்டமும் வந்துவிடுகிறது. அவற்றுள் ஐந்துக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி (கிள்ளான் வாசகி): நேற்று மாலை இங்கே நல்ல மழை பெய்து வானம் தெளிந்தது. இன்று காலை சன்னலைத் திறந்தால் மறுபடியும் அதே எரிந்த வாடை. காட்டுத்தீ என்றால் மழைக்கு அணைந்துவிடாதா?

பதில்: மழை பெய்தது கிள்ளானில். தீயோ பெரும்பாலும் இந்தோனேசியாவின் சுமத்திராவில் எரிகிறது. உங்கள் ஊர் மழை, உங்கள் ஊர்க் காற்றில் மிதந்த தூசியைக் கழுவி இறக்கியதே தவிர, புகை கிளம்பும் இடத்தைத் தொடவில்லை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சுமத்திராவின் புகை மலாக்கா நீரிணையைத் தாண்டி நம் பக்கம் வந்துகொண்டேதான் இருக்கும்.

அங்கேயே மழை பெய்தாலும் தீ எளிதில் அணையாது என்பதுதான் இதில் முக்கியமானது. எரிவது மரம் மட்டுமன்று, மண்ணும் எரிகிறது. மலாயில் 'தானா காம்புட்' எனப்படும் சதுப்பு மண், இலையும் தழையும் வேரும் முழுதாக மட்காமல் பல்லாயிரம் ஆண்டுகள் நீருக்குள் கிடந்து சேர்ந்தது. சில இடங்களில் அதன் ஆழம் 10 மீட்டரையும் தாண்டும். நீர் நிறைந்து இருக்கும்வரை அதில் தீப்பிடிப்பது அரிது. செம்பனைக்காகவும் காகிதக்கூழ் மரங்களுக்காகவும் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால், காலடி நிலமே விறகாகிவிடுகிறது. 1996இல் போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியிலுள்ள மத்திய களிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்கப் புறப்பட்ட அரசுத் திட்டம் நெல்லைத் தரவில்லை. வடிந்து காய்ந்த நிலத்தைத்தான் விட்டுச் சென்றது. மறு ஆண்டே எல் நினோ வறட்சியும் சேர்ந்துகொண்டது. 1997 செப்டம்பரில் கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்டி, சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

இத்தகைய நிலத்தில் தீ கொழுந்துவிட்டு எரியாமல், உமிச்சாம்பலுக்குள் கனலும் நெருப்பைப் போல உள்ளுக்குள்ளேயே கனன்று நகரும். வெப்பம் குறைவு, எரிதல் அரைகுறை, ஆகவே புகை மிகுதி. ஒரு தூறல் மேற்பரப்பை நனைத்துவிட்டுப் போகும்; அடியில் உள்ளது வாரக்கணக்கில் எரியும். நிலத்தடி நீர்மட்டம் உயரும் அளவுக்குப் பருவமழை பிடித்தால்தான் அது முழுதாக அடங்கும்.

கேள்வி (ஜொகூர் பாரு வாசகர்): நான் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். கைப்பேசிச் செயலி 150க்கு மேல் காட்டும் நாளில் சிங்கப்பூரின் அதிகாரபூர்வக் குறியீடு 90 என்கிறது. யாரோ மறைக்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: மறைக்கத் தேவையே இல்லை, இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். முழத்தில் அளந்ததையும் மீட்டரில் அளந்ததையும் பக்கத்தில் வைத்து எண் பொருந்தவில்லை என்று சண்டையிட முடியுமா? பல செயலிகள் அமெரிக்கக் கணக்கைப் பின்பற்றுகின்றன. அதன்படி ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசி 35 மைக்ரோகிராமைத் தொட்டாலே குறியீடு 100 ஆகிவிடும். சிங்கப்பூர்க் கணக்கில் 100 ஆவதற்கு 55 மைக்ரோகிராம் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாளுக்கு வகுத்த வழிகாட்டு அளவோ 15தான். ஆக, 90 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடையவும் இடமில்லை.

நேரமும் ஒரு காரணம். அதிகாரபூர்வக் குறியீடு 24 மணி நேரச் சராசரி. செயலி பெரும்பாலும் அந்த நேரத்துக் காற்றைச் சொல்கிறது. காலையில் தெளிவாக இருந்து மாலையில் புகை சூழ்ந்தால், சராசரி பின்தங்கியே வரும். இப்போது நடந்து போகலாமா என்று முடிவு செய்ய ஒரு மணி நேர நுண்தூசி அளவைப் பாருங்கள், சிங்கப்பூர் அதையும் தனியே வெளியிடுகிறது. நாளைய பயணத்தைத் திட்டமிடச் சராசரி உதவும். பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது வாகனத்தில் உட்காற்றுச் சுழற்சிப் பொத்தானை அழுத்திவையுங்கள். நெடுநேரம் நின்றால் தூக்கம் வராமலிருக்க இடையில் ஓரிரு நிமிடம் அதை மாற்றிவிடுங்கள்.

கேள்வி (சிரம்பான் வாசகி): மாமியாருக்கு ஆஸ்துமா. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் இருக்கமாட்டார். வெளியே போனால் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்கிறார். மருமகள் சொன்னால் எடுபடவில்லை, நீங்களாவது எழுதுங்கள்.

பதில்: உங்களுக்கும் மாமியாருக்கும் இடையில் வர நமக்குத் துணிவில்லை, தூசியைப் பற்றி மட்டும் சொல்கிறோம். தீங்கு செய்யும் நுண்தூசி 2.5 மைக்ரானுக்கும் சிறியது, தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. துண்டின் இழைகளுக்கு இடையே அது தாராளமாகப் புகுந்துவிடும். சாதாரண மருத்துவ முகக்கவரியிலும் கன்னத்தோரம் இடைவெளி விழுவதால் பெரிய பயனில்லை. என்95 முகக்கவரி முகத்தோடு ஒட்டிப் படிந்தால்தான் வேலை செய்யும். அதை அணிந்தால் மூச்சு இழுப்பது சற்றுக் கடினம் என்பதால், ஆஸ்துமா உள்ள முதியவர் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அணிவது நல்லது.

சாம்பிராணியும் ஊதுபத்தியும் கற்பூரமும் வெளியிடுவது அதே நுண்தூசியைத்தான். வெளிப்புகைக்குச் சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே புகை போட்டால், அது வெளியேறவும் வழியில்லை. இந்தச் சில வாரங்களுக்கு எண்ணெய் விளக்கு ஒன்றும் பூவும் போதும், அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள். பலகாரம் பொரிப்பதையும் தள்ளிப்போடுங்கள். சமையலறை விசிறி உள்காற்றை வெளியே தள்ளும்போது, கதவிடுக்குகள் வழியே வெளிப்புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீடு முழுவதையும் காக்க முயலாமல், அவர் படுக்கும் அறை ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அந்த ஈரத்துண்டுக்கு அங்கே நல்ல வேலை உண்டு. கதவின் அடி இடுக்கில் அடைத்துவிடலாம். சுவரில் பொருத்தும் ஏர்கோன் அறைக்காற்றையே சுழற்றுவதால் தாராளமாக ஓடவிடலாம். ஆனால் அதன் வலை நுண்தூசியைப் பிடிக்காது; அதற்கு ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வேண்டும். ஓசோன் வெளியிடும் கருவி நுரையீரலுக்குக் கேடு, வாங்க வேண்டாம். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். தடுப்பு மருந்தை நலமாக இருக்கும் நாளிலும் விடக்கூடாது. நிவாரண மருந்தை இழுத்தும் ஒரு வாக்கியத்தை மூச்சுவிடாமல் சொல்லி முடிக்க முடியவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி (தைப்பிங் வாசகர்): வெல்லம் தின்றால் நுரையீரலில் படிந்த புகை இறங்கிவிடுமா?

பதில்: வெல்லம் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது, இரண்டும் சந்திப்பதில்லை. நீரிழிவு இல்லையென்றால் சுவைக்காகத் தின்னலாம்.

கேள்வி (பத்து பகாட் வாசகர்): 2013இல் மூவாரில் குறியீடு 700ஐத் தாண்டியபோது நாங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். எரிப்பவர்கள் மீது வழக்குப் போட முடியாதா?

பதில்: சிங்கப்பூர் 2014இல் இயற்றிய சட்டம், வெளிநாட்டில் தீ வைத்துத் தன் காற்றைக் கெடுக்கும் நிறுவனத்தின்மீதும் நடவடிக்கை எடுக்க இடம் தருகிறது. எந்த நிலம் யாருடையது என்ற வரைபடம் தெளிவாகக் கிடைக்காததால், நடைமுறையில் அது கடினமாகவே இருந்துவருகிறது. எல்லை தாண்டும் புகைமூட்டம் குறித்த ஆசியான் உடன்பாடு 2002இல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. இந்தோனேசியா அதை ஏற்று உறுதிசெய்ததோ 2014இல். 2015இல் அந்நாட்டில் ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. களிமந்தானின் பாலங்கராயாவில் குறியீடு 1000ஐ வெகுவாகத் தாண்டியது. நம்மைவிட அதிகம் மூச்சுத் திணறியவர்கள் அவ்வூர் மக்களே என்பதைக் கோபத்தில் மறந்துவிடுகிறோம்.

எல்லாப் புகையும் அக்கரையிலிருந்து வருவதுமன்று. சிலாங்கூரின் ஜொஹான் செத்தியாவிலும் இதே 'தானா காம்புட்' இருக்கிறது. விளைநிலங்களில் கழிவை எரிப்பதால் அங்கே காற்று பலமுறை கெட்டிருக்கிறது. திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். உங்கள் தெருவிலோ தோட்டத்திலோ யாரேனும் சருகைக் குவித்துக் கொளுத்தினால், தீயணைப்புத் துறைக்கோ சுற்றுச்சூழல் துறைக்கோ புகார் கொடுங்கள். அந்த வழக்குக்கு எல்லை தாண்ட வேண்டியதில்லை.