மார்கஸ் கார்வியும் ராஸ்தஃபாரிகளும்: கேள்வி பதில்

கார்வி ஜமைக்காவில் பிறந்த கறுப்பர் இயக்கத் தலைவர். ராஸ்தஃபாரிகள் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசியைத் தெய்வமாகக் கொள்ளும் ஜமைக்கச் சமய இயக்கத்தினர். செலாசியின் வருகையைக் கார்வி முன்னறிவித்தார் என்பது அவர்களிடையே பரவிய நம்பிக்கை.

கேள்வி: "ஆப்பிரிக்காவைப் பாருங்கள், அங்கே ஒரு கறுப்பு அரசர் முடிசூடுவார்" என்று கார்வி சொன்னது எந்த வருடம்? ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள்.

பதில்: அந்த வாக்கியம் கார்வியின் எழுத்திலோ அச்சான பேச்சிலோ இதுவரை அகப்படவில்லை. அதனால்தான் வருடம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதற்கு நெருக்கமான வாசகம் ஜேம்ஸ் மோரிஸ் வெப் என்ற போதகர் 1924இல் பேசியது. கார்வியே எழுதியது வேறு. 1930 நவம்பர் 2 அன்று ஹைலி செலாசி அடிஸ் அபாபாவில் முடிசூடினார். 8ஆம் தேதி, கிங்ஸ்டனில் கார்வி நடத்திய 'பிளாக்மேன்' பத்திரிகையில் தலையங்கம் வந்தது. எத்தியோப்பியா கடவுளை நோக்கிக் கை நீட்டும் என்ற சங்கீதம் 68இன் வசனத்தைச் சொல்லி, அந்தக் காலம் வந்துவிட்டது என்று எழுதினார். கவனியுங்கள், முடிசூட்டு முடிந்த பிறகு எழுதியது அது.

தேதியும் பத்திரிகைப் பெயரும் இல்லாத கார்வி மேற்கோளைத் தயவுசெய்து பகிராதீர்கள். சரிபார்க்க மூன்று இடங்கள் உண்டு: நியூயார்க்கின் 'நீக்ரோ வேர்ல்டு' வார இதழ் (1918 முதல்), கிங்ஸ்டனின் 'பிளாக்மேன்' (1929-1931), பிறகு வந்த 'பிளாக் மேன்' மாத இதழ் (1933-1939). பின்னிரண்டின் பெயரும் ஒன்றுபோல் இருப்பதால் பலர் தவறான இதழில் தேடிவிட்டு "கிடைக்கவில்லை" என்கிறார்கள். ராபர்ட் ஹில் பதிப்பித்த கார்வி ஆவணத் தொகுதிகளில் பெயரடைவு இருக்கிறது, அங்கிருந்து தொடங்கினால் நேரம் மிச்சம்.

கேள்வி: கார்வி ராஸ்தஃபாரியா?

பதில்: இல்லை. மெதடிஸ்ட் குடும்பத்தில் வளர்ந்து கத்தோலிக்கரானவர். லெனார்ட் ஹோவெல் 1933இல் செலாசியே தெய்வம் என்று ஜமைக்காவில் பேசத் தொடங்கினார், பேரரசரின் படத்தை ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். கிங்ஸ்டனில் தன் கூட்டங்கள் நடந்த எடல்வைஸ் பார்க்கில் அந்த விற்பனைக்குக் கார்வி இடம் தரவில்லை.

கேள்வி: சடைமுடி, கஞ்சா பற்றி அவர் என்ன சொன்னார்?

பதில்: இந்தத் தலைப்புக்குள் வராது. தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: கப்பல் கம்பெனி மோசடிக்காகத்தானே சிறை போனார்?

பதில்: 1919இல் கார்வி தொடங்கிய பிளாக் ஸ்டார் லைன் என்ற கப்பல் கம்பெனியின் பங்கு ஒன்று 5 டாலர். முதல் கப்பல் யார்மவுத், 1887இல் கட்டிய பழசு, 1,65,000 டாலர் கொடுத்து வாங்கினார்கள். வாங்கிய விலையும் பழுதுச் செலவும் சேர்ந்து கம்பெனியை விழுங்கின. 1923இல் தபால் மோசடி என்று 5 ஆண்டுத் தண்டனை. 1927இல் அமெரிக்க அதிபர் கூலிட்ஜ் தண்டனையைக் குறைத்து நாடுகடத்தினார். 2025 ஜனவரியில் பைடன் மன்னிப்பு வழங்கினார். ராஸ்தஃபாரிகளுக்கு அந்தக் கப்பல் தாயகமான ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் வாக்குறுதி. கணக்குப் புத்தகம் அவர்களிடம் எடுபடாது.

கேள்வி: கார்வி இயக்கத்தின் 1920 மாநாட்டில்தான் அந்தத் தீர்க்கதரிசனம் சொன்னார் என்று ஒரு படத்தில் பார்த்தேனே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அதே கார்வி செலாசியைக் கோழை என்று எழுதினாராமே?

பதில்: எழுதினார். 1937இல், லண்டனிலிருந்து வந்த 'பிளாக் மேன்' மாத இதழில். இத்தாலி 1935 அக்டோபரில் படையெடுத்தது, 1936 மே மாதம் பேரரசர் நாட்டை விட்டு வெளியேறினார். மக்களைப் போரில் தவிக்கவிட்டு உயிர் பிழைக்க ஓடியவர் என்று கார்வி சாடினார். வெள்ளையரின் ஆலோசனையையும் சர்வதேச சங்கத்தையும் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) நம்பினார், நாட்டில் அடிமைமுறையை விட்டுவைத்தார் என்பவையும் குற்றச்சாட்டுகள்.

இடையில் ஒருவர்: லண்டன் ரயில் நிலையத்தில் வரவேற்கப் போன கார்வியைப் பேரரசர் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கோபம்தான், வேறு அரசியல் கிடையாது.

பதில்: புறக்கணிப்பு நடந்ததாகச் சொல்லப்படுவது உண்மை. ஆனால் கட்டுரையைப் படித்துவிட்டு வாதாடுங்கள். ராணுவத்தை நவீனமாக்கவில்லை, உலகக் கறுப்பர்களோடு உறவு வைக்கவில்லை என்பவை ரயில் நிலையத்தில் பிறந்த குறைகளா? கறுப்பர்களுக்கு ஒரு வலுவான அரசு வேண்டும் என்று 1914 முதல் இயக்கம் நடத்தியவர் அவர். அந்த அளவுகோலில்தான் பேரரசரையும் அளந்தார். மனக்காயம் ஒன்றையே காரணமாக்கினால் கார்வியும் சிறுத்துப்போவார், எத்தியோப்பியாவின் தோல்வியும் சிறுத்துப்போகும்.

இன்னொருவர்: அப்படியானால் ராஸ்தஃபாரிகள் அவரைத் துரோகி என்று ஒதுக்கியிருக்க வேண்டுமே?

பதில்: ஒதுக்கவில்லை, இங்கேதான் அவர்களுடைய சிந்தனை ஆழமாகப் போகிறது. கார்வியை, இயேசுவின் வருகையை முன்னறிவித்த யோவான் ஸ்நானகன் என்கிறார்கள். "வருகிறவர் நீர்தானா, வேறொருவர் வர நாங்கள் காத்திருக்க வேண்டுமா" என்று சிறையிலிருந்து ஆளனுப்பிக் கேட்டவர் யோவானும்தானே. முன்னோடிக்குச் சந்தேகம் வரலாம், அதனால் அவன் சொன்ன செய்தி பொய்யாகாது என்பது அவர்கள் வாதம். இளவரசர் இமானுவேல் 1958இல் நிறுவிய போபோ ஷாண்டி கிளையில் கார்வி தீர்க்கதரிசி, இமானுவேல் ஆசாரியர், செலாசி அரசர். மூவரும் ஒரு திரித்துவம். எல்லாக் கிளைகளும் இப்படிச் சொல்வதில்லை. "ராஸ்தஃபாரிகள் நம்புகிறார்கள்" என்று எழுதுமுன் எந்தக் கிளை என்று சொல்லுங்கள்.

முதலில் குறுக்கிட்டவர்: இதெல்லாம் பிற்பாடு கட்டிய சமாதானம்.

பதில்: பிற்பாடுதான். அதனால் பொய் என்று ஆகுமா? 1937 கட்டுரையை மறைக்கும் ராஸ்தஃபாரிகளோடும் எனக்கு உடன்பாடில்லை, அதை மட்டும் ஆட்டிக் காட்டி அவர்களைக் கேலி செய்பவர்களோடும் இல்லை.

கேள்வி: சிவப்பு, கறுப்பு, பச்சைதானே ராஸ்தஃபாரிக் கொடி?

பதில்: அது 1920இல் கார்வி இயக்கம் ஏற்ற கொடி. மஞ்சள் வருவது எத்தியோப்பியக் கொடியிலிருந்து.

கேள்வி: தீர்க்கதரிசனம் 1916 என்று...

பதில்: பத்திரிகைப் பெயரும் தேதியும் கொண்டுவாருங்கள், பேசலாம்.

கேள்வி: எதில் தொடங்கிப் படிப்பது?

பதில்: 1930 தலையங்கத்தை முதலில், 1937 கட்டுரையை அடுத்து. சுருக்கம் வேண்டாம், முழுசாகப் படியுங்கள்.