கொப்பியில எழுதுங்கோ, பார்த்துப் போடுறன்

(பகலில் திருகோணமலை அனுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு மின்சாமான் கடையில் நிற்கிறேன். சனி, ஞாயிறு இரவுகளில் திருகோணமலை வீடுகளில் பாட்டுப் போடுகிறேன். பதினாலு வருஷமாக இதுதான் பிழைப்பு. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.)

மச்சாளின் பிறந்தநாளுக்கு முதன்முறையாக டீஜே செய்தேன். ஒரே நேரத்தில் ஐந்தாறு பேர் போனை முகத்துக்கு நேரே நீட்டி "இதைப் போடு, இதைப் போடு" என்றார்கள். கை நடுங்கிவிட்டது. எப்படிச் சமாளிப்பது?
– 22 வயது வாசகர், உவர்மலை

தம்பி, கடையில் ஒரு சி.ஆர். கொப்பி, அதுதான் தடித்த அட்டைக் கொப்பி, வாங்குங்கோ. பேனை ஒன்றை நூலால் அதில் கட்டி, மேசையின் மற்றப் பக்க மூலையில், உங்கள் வயர்களுக்கு எட்டாத இடத்தில் வையுங்கோ. யார் வந்தாலும் ஒரே பேச்சு: "கொப்பியில எழுதுங்கோ, பார்த்துப் போடுறன்."

வாயால் கேட்டவருக்கு அந்த இடத்திலேயே பதில் வேண்டும். எழுதினவர் காத்திருப்பார். ஒரு காதில் ஹெட்போனை வைத்து அடுத்த பாட்டைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது மற்றக் காதில் ஆள் கதைத்தால் இரண்டும் பிழையாகிவிடும். பாதிப் பேருக்குப் பேனையைத் தூக்கினதும் பாட்டின் பெயர் மறந்துபோகும். "மழையில ஆடுவினம், அந்தப் பாட்டு" என்று எழுதிவிட்டுப் போவார்கள். பரவாயில்லை, அது போதும். நல்ல வெறியில் இருப்பவருக்குப் பேனை பிடிக்கவே வராது. அதுவும் ஒரு வசதிதான்.

எழுதினவரை ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அவர் ஆடிக்கொண்டிருந்தவர் என்றால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பேன். கதிரையில் இருந்து வந்தவர் என்றால் ஒரு கோடு. கோட்டுப் பாட்டெல்லாம் சாப்பாட்டு நேரத்துக்கு, புள்ளிப் பாட்டெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு. கோட்டுப் பாட்டை ஆட்டத்துக்கு நடுவில் போட்டால் ஆடினவர்கள் கலைந்துவிடுவார்கள், கேட்டவரும் அந்தச் சத்தத்துக்குள் ரசிக்க மாட்டார்.

லிங்கநகரில் ஒரு அறுபதாவது பிறந்தநாள். ஒரு ஆச்சி பேரனைப் பிடித்துக் கொப்பியில் எழுதுவித்தா. பிறகு பேனையை வாங்கி, அதற்குக் கீழே தன்ர கையெழுத்தில் "சத்தம் கொஞ்சம் குறைச்சு" என்று எழுதினா. கோடு போட்டேன். கொத்து பரிமாறும் நேரத்தில் அந்தப் பாட்டு போனது. கையில் எடுத்த றோல்ஸ் கையிலேயே இருக்க, ஆச்சி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தா. பாட்டு முடிந்த பிறகுதான் ஒரு கடி கடித்தா.

பாட்டு உங்களிடம் இல்லையென்றால் இல்லையென்று சொல்லுங்கோ. "வருது, வருது" என்று இழுத்தால் அந்த ஆள் மேசையை விட்டு நகராது.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் பைலா கேட்கிறார்கள். தம்பிமார் குத்துப் பாட்டுத்தான் வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் சண்டை.
– பாலையூற்று

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது எனக்குச் சந்தோஷம். பறங்கியர் வீடுகளில் பைலாவுக்கு உறவான கஃப்ரிஞ்ஞா ஆடுவதை நான் முதலில் பார்த்தது அங்கேதான். பைலா என்ற சொல்லே ஆடுவதைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது.

சண்டைக்கு அவசியமே இல்லை. மேசையில் விரலால் தட்டிப் பாருங்கோ: ஒன்று-இரண்டு-மூன்று, நாலு-ஐந்து-ஆறு. பைலாவுக்கும் இதுதான், நம்முடைய டப்பாங்குத்துக்கும் இதுதான். இரண்டும் ஆறு எட்டுத் தாளம். பெரியவர்களுக்கும் பொடியன்களுக்கும் கால் ஒரே கணக்கில்தான் போகிறது, அவர்களுக்குத்தான் தெரியாது. வேகத்தில் இருக்கும் சின்ன வித்தியாசத்தைப் பிட்ச் ஃபேடரால், அதுதான் டீஜே மேசையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டையால், சரிபண்ணலாம். அநேகமான கன்ட்ரோலர்களில் அது கூட்டவும் குறைக்கவும் 8 விழுக்காடு இடம் தரும். அதற்கு மேல் இழுத்தால் பாடுபவருக்குத் தடிமன் பிடித்த மாதிரி இருக்கும்.

நான் செய்வது இதுதான். பைலா ஒன்று முடிவதற்கு முன் பாடலை மெல்ல இறக்கி, தாளம் மட்டும் ஓடும் இடத்தில் குத்தின் பறையை உள்ளே விடுவேன். மாமா ஆடிக்கொண்டே இருப்பார். பத்து விநாடிக்குப் பிறகுதான் பாட்டு மாறினது அவருக்கு விளங்கும். அதற்குள் மருமகன் பக்கத்தில் வந்து நிற்பான். ஏ. ஈ. மனோகரன் காலத்துப் பொப் பாட்டுகள் இதற்கு நல்ல பாலம், தமிழும் பைலாத் தாளமும் ஒன்றாகவே இருக்கும். கிளப் மாதிரி நாலு நாலாக இடிக்கிற ஹவுஸ் பாட்டை மட்டும் இதற்கு மேல் ஏற்ற வேண்டாம். மூன்றும் நாலும் மோதி, கல்லு றோட்டில் சைக்கிள் ஓடுவது போல் கேட்கும். ஹவுஸ் வேண்டுமென்றால் ஒரு பாட்டை முழுதாக முடித்து, கைதட்டவிட்டு, புதிதாகத் தொடங்குங்கோ.

ஒரு சித்தப்பா ஒரே பாட்டை மூன்றாம் தரமும் கேட்கிறார். போடாவிட்டால் கோபிக்கிறார்.
– உப்புவெளி

இரண்டாம் தரம் பாதிப் பாட்டு. மூன்றாம் தரத்துக்கு வீட்டுக்கார அக்காவிடம் அனுப்புங்கோ. சித்தப்பாமார் டீஜேக்குப் பயப்பட மாட்டார்கள், அக்காவுக்குப் பயப்படுவார்கள். மைக்கை மட்டும் சித்தப்பாவிடம் குடுத்துவிடாதேங்கோ.

இதற்காகவே நான் தொடங்குவதற்கு முன் வீட்டுக்காரரிடம் இரண்டு விஷயம் கேட்பேன்: நிறுத்தச் சொல்ல யாருக்கு உரிமை, எந்தப் பாட்டுப் போடக் கூடாது. இரண்டாவதைக் கேட்கப் பழகினது ஒரு பிழைக்குப் பிறகு. கொப்பியில் யாரோ எழுதின ஒரு பாட்டை யோசிக்காமல் போட்டேன். அந்த வீட்டு ஐயா இறந்து வருஷம் முடியவில்லை, அது அவர் எப்போதும் பாடும் பாட்டாம். அம்மா எழும்பி அறைக்குள் போயிட்டா. எழுதினவர் அன்பில்தான் எழுதினார். போட்டது நான்.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டார் வந்து சத்தம் போடுகிறார்கள். எங்கள் வளவுக்குள் எங்கள் பாட்டு, தவறா?
– நிலாவெளி வீதி

உங்கள் வளவுதான், ஆனால் பேஸ் மதிலில் நிற்காது. 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அவர்கள் பொலிஸுக்குப் போனால் உங்கள் பக்கம் கதை இல்லை. (பைலாவைப் பிரபலமாக்கிய வோலி பஸ்தியன்ஸே ஒரு பொலிஸ்காரர்தான். அதைச் சொல்லித் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம்.)

நான் 9.40க்கு சப்பூஃபரை, அதுதான் பேஸ் பெட்டியை, நிறுத்திவிடுவேன், ஆட்களுக்குச் சொல்வதில்லை. ஸ்பீக்கரை வீட்டுப் பக்கம் திருப்பி, நிலத்தில் ஒரு பழைய மெத்தையைப் போட்டு அதன் மேல் வையுங்கோ. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துத் திருப்பினால் பாதி வழக்கு அங்கேயே முடியும். பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தால் பாங்கு சொல்லும்போது மொத்தமாக நிறுத்துங்கோ. கேட்டு நிறுத்துவதை விடக் கேட்காமல் நிறுத்துவது நல்லது. முதல் நாளே ஒரு தட்டு கேக்கோடு மதிலுக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லிவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

போனில் ப்ளூடூத் போட்டால் போதாதா? எதற்கு டீஜே?
– பெயர் குறிப்பிட விரும்பாதவர்

சின்ன வீட்டுக்குப் போதும். பிளைட் மோடில் போட்டு, ப்ளூடூத்தை மட்டும் திரும்பப் போடுங்கோ. தொடக்க காலத்தில் நானும் அப்படித்தான் போட்டேன். நல்ல குத்துக்கு நடுவில் அம்மா கோல் எடுத்தா. அம்மாவுக்கென்று வைத்திருந்த பக்திப் பாட்டு ரிங்டோன் இரண்டு பெட்டியிலும் முழங்கினது. இரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள்.

தங்கையின் மெஹந்தி இரவு, பெண்கள் மட்டும். ஆம்பிளை டீஜே வர முடியாது. என்ன செய்யலாம்?
– கிண்ணியா

நான் வரத் தேவையில்லை. பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே அனுப்பினால், இரண்டு மணித்தியாலத்துக்கு இடைவெளி இல்லாமல் கோர்த்து ஒரே ஃபைலாக பென் டிரைவில் தருவேன். முதல் முக்கால் மணித்தியாலம் மெதுவாக இருக்கட்டும். மருதாணி போடும் கை ஆடக் கூடாதே.

கடற்கரை வீட்டு பார்ட்டிகளுக்குப் பிறகு ஃபேடரை அசைத்தால் கரகர என்கிறது. பழுதா?
– டச்சு பே பக்க வாசகர்

உப்புக் காற்றுத்தான். அன்றிரவே காய்ந்த துணியால் துடைத்து மூடி வையுங்கோ, ஈரத் துணி வேண்டாம். கரகர தொடங்கிவிட்டால் கரண்டைக் கழற்றிப்போட்டு, கான்டக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, ஃபேடரை முப்பது தரம் மேலும் கீழும் தள்ளுங்கோ. நன்றாகக் காய்ந்த பிறகு கரண்டைக் குடுங்கோ. அப்படியும் போகாவிட்டால் கடைக்குக் கொண்டு வாங்கோ, திங்கள் காலையில் நான் நிற்பேன்.