மிதக்கும் கூரை: எந்தத் தொட்டிக்கு எது?

எரிபொருள் தொட்டிகள் குறித்து வந்த கேள்விகளில் கூரைத் தேர்வு தொடர்பானவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

டீசல் தொட்டிக்கும் மிதக்கும் கூரை தேவையா?

தேவையில்லை. சாதாரண வெப்பநிலையில் டீசல் மிகக் குறைவாகவே ஆவியாகும். கூம்புக் கூரையும் காற்றுப்போக்கியும் போதும். மிதக்கும் கூரை பெட்ரோல், நாப்தா, கச்சா எண்ணெய் போன்றவற்றுக்கானது. திரவத்தின் மேலேயே கூரை படுத்து, அதோடு ஏறி இறங்குவதால் ஆவி சேர இடம் இல்லை. இழப்பும் தீ அபாயமும் சேர்ந்தே குறைகின்றன. மறுமுனையிலும் ஓர் எல்லை உண்டு. ஆவியழுத்தம், அதாவது திரவத்தின் ஆவி தரும் அழுத்தம், 76.6 கிலோபாஸ்கலை எட்டிவிட்டால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் விதிகள் மிதக்கும் கூரையை மட்டும் நம்ப அனுமதிப்பதில்லை. வளிமண்டல அழுத்தமே 101 கிலோபாஸ்கல்தான். அத்தகைய திரவம் கிட்டத்தட்டக் கொதிக்கத் தயாராக நிற்கிறது.

70 மீட்டர் விட்டமுள்ள கச்சா எண்ணெய்த் தொட்டி கட்டுகிறோம். ஒற்றைத் தளப் பான்டூன் கூரையே மலிவு என்கிறார் ஒப்பந்தக்காரர். சரியா?

மலிவு என்பது உண்மை. ஆனால் அது கட்டும் நாளின் கணக்கு. இந்த வகையில் பான்டூன் எனப்படும் காற்றறைகள் விளிம்பைச் சுற்றி மட்டுமே இருக்கும். நடுவில் இருப்பது ஏறக்குறைய 5 மி.மீ. எஃகுத் தகடு. விட்டம் 60 மீட்டரைத் தாண்டிய கூரைகளில், பலத்த காற்றில் அந்தத் தகடு அலையடிக்கும். அலையடித்து அலையடித்து, பற்றவைப்பின் ஓரங்களில் விரிசல் விழும். வேல்ஸில் மில்ஃபோர்டு ஹேவனில் 1983-ல் தீப்பிடித்த கச்சா எண்ணெய்த் தொட்டி 78 மீட்டர் விட்டம் கொண்டது. அதன் ஒற்றைத் தளத்தில் இருந்த விரிசல்கள் வழியே எண்ணெய் மேலே கசிந்திருந்தது.

அடுத்தது மழை. கூரையின் நடுக்குழியில் சேரும் நீர், எண்ணெய்க்குள்ளேயே இறங்கும் மடக்குக் குழாய் வழியாகத் தொட்டிச் சுவருக்கு வெளியே வர வேண்டும். அந்தக் குழாயின் மூட்டு கசிந்தால் நீருக்குப் பதில் எண்ணெய் வெளியே ஓடும். அதற்குப் பயந்து பல இடங்களில் வெளி வால்வை மூடியே வைக்கிறார்கள். நள்ளிரவில் அடைமழை பிடித்தால் அதைத் திறக்கப் போவது யார்? திறந்தே இருந்தாலும் குழியின் வலைமூடியில், கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைக்கும் சீலிலிருந்து உதிர்ந்த நுரைத்துண்டுகள், பறவைக்கூட்டின் குச்சிகள், துருச்செதில்கள் என ஏதாவது அடைத்திருக்கும். 2017-ல் ஹார்வி புயல் டெக்சஸில் கொட்டிய மழையில் பல மிதக்கும் கூரைகள் சாய்ந்தன, சில மூழ்கின.

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) தொட்டி விதிநூலான ஏபிஐ 650 கேட்பது இதுதான்: வடிகால் வேலை செய்யாதபோதும் 24 மணி நேரத்தில் பெய்யும் 250 மி.மீ. மழையைக் கூரை தாங்க வேண்டும். நடுத்தளமும் அடுத்தடுத்த இரண்டு காற்றறைகளும் ஓட்டையானாலும் மிதக்க வேண்டும். இரட்டைத் தளக் கூரைக்கு, அதாவது மேலும் கீழும் தகடும் நடுவில் காற்றறைகளும் உள்ள கூரைக்கு, இன்னொரு வசதி உண்டு. அவசர வடிகால் வழியே மிகுநீர் நேராக எண்ணெய்க்குள் இறங்கி அடியில் தங்கிவிடும், பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைத் தளத்தில் இந்த வடிகாலை வைக்கவே கூடாது. தளம் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இறங்கினால் அதே துளை வழியாக எண்ணெய் மேலே ஏறிவிடும். இரட்டைத் தளத்தின் நடுவிலுள்ள காற்று, வெயில் சூட்டையும் தடுக்கும். உங்கள் அளவுக்கு என் பரிந்துரை இரட்டைத் தளம்தான். எஃகு கூடுதலாகப் போனால் போகட்டும்.

பெட்ரோல் தொட்டியில் நிலையான கூரைக்குக் கீழே மிதக்கும் உட்கூரைக்கு அலுமினியமா, எஃகா?

மேலே நிலையான கூரை இருப்பதால் மழைக் கவலை இல்லை. ஆகவே இலேசான அலுமினியம் போதும் என்பார்கள். பெரும்பாலும் போதும். தொட்டியின் ஆள்நுழைவு வழியாகவே பாகங்களை உள்ளே கொண்டுபோய்ப் பொருத்திவிடலாம் என்பது பெரிய சௌகரியம். ஆனால் அலுமினியத்திலும் இரண்டு வகை உண்டு. குழாய் மிதவைகளின் மேல் தகடு விரித்தால் திரவத்துக்கும் தகட்டுக்கும் இடையே ஆவி தங்கும். திரவத்தைத் தொட்டுக்கொண்டே மிதக்கும் பலகை வகையில் அந்த இடைவெளி இல்லை. நான் இதைத்தான் எடுப்பேன். அடிக்கடி ஏற்றி இறக்கும், குழாயிலிருந்து காற்றுக்குமிழ் வரும் தொட்டிகளுக்கு எஃகுப் பான்டூன் உறுதியானது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தீ விபத்தில் அதை நம்ப முடியாது. அறைகளே இல்லாத எஃகுத் தட்டுக் கூரையை யாராவது விலைப்பட்டியலில் சேர்த்திருந்தால் அடித்துவிடுங்கள். ஒரே ஓட்டையில் மூழ்கிவிடும்.

உட்கூரை இருப்பதால் அளவு மீறி நிரம்பாது என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டில் 2005 டிசம்பரில் வழிந்து வெடித்த பெட்ரோல் தொட்டியிலும் உள்மிதவைக் கூரை இருந்தது. மட்டமானி நின்றுபோனதும், தனியாக இருந்த உயர்மட்ட நிறுத்தி வேலை செய்யாததுமே அங்கு வினையானது.

மிதக்கும் கூரை மட்டுமே உள்ள பழைய திறந்த தொட்டியின் மேல் அலுமினியக் குவிமாடம் போடலாமா?

போடலாம். மழை வடிகால் தொல்லை போகும், காற்று வீச்சால் ஏற்படும் ஆவியிழப்பும் வெகுவாகக் குறையும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இது மிக நல்லது. நீர் சேர்ந்தால் எத்தனால் பிரிந்துவிடும். பதிலுக்கு நீங்கள் கொடுப்பது ஒன்று: திறந்தவெளியாக இருந்த கூரைத்தளம் இனி வாயு தேங்கக்கூடிய அடைப்பிடம். சீலைப் பார்க்க இறங்குபவர் வாயு அளந்து, அனுமதிச் சீட்டோடுதான் இறங்க வேண்டும். விளிம்பில் தீப்பிடித்தால் நுரை அடிப்பதும் கடினம்.

கூரையை அதன் அடியிலுள்ள தாங்குகால்களில் இறக்கி வைத்து, தொட்டியை முழுக்கக் காலி செய்யலாமா?

பராமரிப்புக்கு மட்டும். கால்களில் நின்றவுடன் அடியில் வெற்றிடம் உண்டாகி, வால்வு திறந்து காற்று புகும். எரியும் கலவை தயாராகிவிடும். மீண்டும் நிரப்பும்போது, கூரை மிதக்கத் தொடங்கும்வரை நுழைகுழாயில் வேகம் நொடிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி கிளம்பும்.