படுத்த நாளுக்கும் பணம் உண்டு, ஏஜென்டுக்கு எதற்குக் கால் பங்கு?

கேள்வி: என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மூன்று வருடமாக அதே கம்பெனி, சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். பிப்ரவரியில் மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்துவிட்டார். தேறியதுபோல் இருக்கவே வேலைக்குப் போனார். பத்து நாள்தான், மறுபடியும் படுத்துவிட்டார். கம்பெனியில் ‘வந்தால்தான் சம்பளம்’ என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் ஈ.எஸ்.ஐ. பணத்தை வாங்கித் தருகிறாராம். வருவதில் கால் பங்கும், ஆதாரும், பாஸ்புக்கும் கேட்கிறார். எம்.பி.க்களுக்கு உடம்பு சரியில்லாவிட்டாலும் சம்பளம் வருகிறதாமே, எங்களுக்கு மட்டும் ஏனுங்க இல்லை?
(ஒரு வாசகி, அனுப்பர்பாளையம்)

பதில்: உங்களுக்கும் இருக்கிறது அம்மணி. கால் பங்கு யாருக்கும் கொடுக்க வேண்டாம். பாஸ்புக்கைக் கண்ணிலும் காட்ட வேண்டாம்.

கடைசியாகக் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். எம்.பி.க்கு மெடிக்கல் லீவு என்று தனியாக ஒன்று கிடையாது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் மாதச் சம்பளம் 1,24,000 ரூபாய் வந்துவிடும். 2025 மார்ச்சில் உயர்த்தி, 2023 ஏப்ரலிலிருந்தே கணக்கிட்டுக் கொடுத்தார்கள். சபைக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் கிடைப்பது நாள்படி 2,500 ரூபாய் மட்டும். அனுமதி கேட்காமல் 60 நாள் கூட்டத்துக்கு வராவிட்டால் இடம் காலி என்று சபை அறிவிக்கலாம். அதற்கும் உடம்பு சரியில்லை என்று ஒரு கடிதம் கொடுத்து அனுமதி கேட்டுக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்காரர் காமாலையோடு ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி வரிசையில் நிற்க வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சரி செய்ய என்னால் ஆகாது. பணத்தை வாங்கும் வழியைச் சொல்கிறேன்.

கம்பெனி உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறது. படுத்த நாளுக்குத் தர வேண்டியது ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன், அதாவது தொழிலாளிகளுக்கான மத்திய அரசின் காப்பீட்டு நிறுவனம். உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய், கம்பெனி கையிலிருந்து மூன்றேகால் ரூபாய் என்று அதற்காகத்தான் மாதாமாதம் கட்டப்படுகிறது. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1955-இல் முதலில் வந்ததே நம் கோயமுத்தூரில், மில் தொழிலாளிகளுக்காக. எழுபது வருடமாகியும் இதைப் பற்றி மில் கேட்டுக்கு வெளியே நிற்கும் ஏஜென்டுக்குத் தெரிந்த அளவு உள்ளே வேலை செய்பவருக்குத் தெரியவில்லை என்றால், சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

கிடைப்பது சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. காசநோய், புற்றுநோய் போன்றவற்றுக்கு வேறு கணக்கு, அது உங்களுக்கு வேண்டாம். தகுதிக்கு எந்த மாதங்களைப் பார்ப்பார்கள் என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். ஜனவரி முதல் ஜூன் வரை படுத்தால், போன வருடம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையுள்ள ஆறு மாதத்தில் 78 நாளாவது ஈ.எஸ்.ஐ. கட்டியிருக்க வேண்டும். போன மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போனார் என்பது பேச்சே இல்லை. மூன்று வருடம் ஒரே கம்பெனி என்பதால் இதில் தப்பித்துவிடுவீர்கள், கம்பெனி ஒழுங்காகக் கட்டியிருந்தால்.

அந்த ‘இருந்தால்’தான் எனக்குக் கவலை. இன்ஷூரன்ஸ் நம்பரை வைத்து ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் மாதாமாதம் எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் என்று காட்டியிருக்கிறார்கள் என்பதை நீங்களே பார்க்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் சொல்லுங்கள், செல்போனிலேயே எடுத்துத் தரும். சனிக்கிழமை கையில் வாங்குவது நாளைக்கு 750 ரூபாய் கணக்கு, பதிவேட்டில் 450 என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 சதவீதம் 450-க்குத்தான், 315 ரூபாய். 38 நாளுக்கு 11,970. உண்மைச் சம்பளத்தைக் காட்டியிருந்தால் 19,950 வந்திருக்கும். தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட்டில் இது சர்வ சாதாரணம். ‘பிடித்தம் குறையுமல்லவா’ என்று தொழிலாளியும் தலையாட்டுகிறார். மாதம் ஐம்பது அறுபது ரூபாய் மிச்சம் பிடித்து, படுத்தபோது எட்டாயிரத்தைத் தொலைக்கிறோம். கம்பெனி மாறுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி: பழைய நம்பரைக் கொடுக்காமல் ஒவ்வொரு இடத்திலும் புது நம்பர் போட விடுவது. நாட்கள் இரண்டாகப் பிரிந்து எதிலும் 78 தேறாது. நம்பர் ஆயுசுக்கும் ஒன்றுதான்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் இரண்டு தடவை படுத்த விஷயம். இதை நிதானமாகப் படியுங்கள், ஏஜென்டுகள் கூட இதில் தப்பு செய்வார்கள். ஒவ்வொரு முறை படுக்கும்போதும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஆனால் முந்தைய தடவை முடிந்து 15 நாளுக்குள் திரும்பப் படுத்தால் இரண்டாம் முறை அந்த இரண்டு நாளைக் கழிக்கக் கூடாது. இவருக்கு இடைவெளி பத்து நாள், ஆகவே கழிக்கக் கூடாது. ஆனால் ஒன்று: முதல் தடவைக்கு ஈ.எஸ்.ஐ. பணம் கொடுத்திருந்தால்தான் இந்தச் சலுகை. முதல் மூன்று வாரத்தைச் சும்மா விட்டுவிட்டு இரண்டாவதற்கு மட்டும் எழுதிக் கொடுத்தால், இதையே முதல் தடவை என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாளைக் கழித்துவிடுவார்கள். மூன்று வாரப் பணமும் போச்சு. அதனால் முதல் தடவைக்கு முதலில் மனு, அதன் பிறகுதான் இரண்டாவது.

மனுவுக்கு உயிர் டிஸ்பென்சரி டாக்டர் தரும் சர்டிபிகேட். நீங்கள் டிஸ்பென்சரிக்குப் போனீர்களா என்று எழுதவில்லை. காமாலைக்கு நம் பக்கத்தில் முதலில் கீழாநெல்லிதான். அந்த நாட்களுக்குச் சீட்டு இருக்காது, பணமும் இருக்காது. தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை, பில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். அவர்கள் டாக்டரிடம் காட்டி ஏற்றுக்கொள்ள இடமுண்டு. ஏஜென்டு கொண்டுவரும் பின்தேதி சர்டிபிகேட்டைத் தொடாதீர்கள். அது பொய்ச் சான்று. மாட்டினால் ஜெயில் வரை போகும், கையெழுத்து உங்கள் வீட்டுக்காரருடையது, ஏஜென்டு எங்கேயும் இருக்க மாட்டார். ஆதாரும் பாஸ்புக்கும் எதற்குக் கேட்கிறார் என்றால், பதிவில் செல்போன் நம்பரையும் பேங்க் கணக்கையும் தன் பக்கம் திருப்பத்தான். அப்படி நடந்த பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

அலைச்சல் இருக்கும், மறைக்கவில்லை. டிஸ்பென்சரி மாநில அரசுடையது, பணம் தரும் கிளை அலுவலகம் மத்திய அரசுடையது. இங்கே கேட்டால் அங்கே என்பார்கள், அங்கே போனால் ‘சர்வர் இல்லை’. இந்த இரண்டு கதவுக்கும் நடுவில்தான் ஏஜென்டு கடை போட்டிருக்கிறார். எதைக் கொடுத்தாலும் நகல் எடுத்து, தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது படுத்திருக்கும் நாட்களுக்கு நாளைக்கே டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்கள். தேறினதும் ‘வேலைக்குப் போகலாம்’ என்ற கடைசி சர்டிபிகேட் வாங்காமல் மிஷினில் உட்கார வேண்டாம். பணம் வாங்குகிற நாளில் அரை ஷிப்டு ஓட்டியதாகக் கம்பெனிப் பதிவில் தெரிந்தால், அந்த நாளுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.